தொடாமல் நடக்கும் ஆட்டக்காரன்

கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, பானா கசோண்டே இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொள்கிறார். திரையில், பச்சை மைதானத்தின் நடுவே ஒரு ஆட்டக்காரன் நிற்கிறான். அவன் அசைகிறானா என்று பார்க்க வேண்டும். மலிவான கம்பியில்லாக் கன்ட்ரோலர்களில் கட்டைவிரல் வைக்கும் குமிழ் சீக்கிரமே தளர்ந்துவிடும். அப்புறம் யாரும் தொடாமலே ஆள் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிப்பான்.

"நான் தொடவே இல்ல, அவனாப் போறான் பாருங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் போனாரு," என்பார். சிரிக்க மாட்டார். கொட்டாவி விடுவார்.

லுசாக்காவில், மட்டேரோ பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பழைய சரக்குப் பெட்டகம் ஒன்றில் அவருடைய விளையாட்டுக் கடை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் மினிபஸ் ஓட்டுநர்கள், காவலாளிகள், முடிதிருத்துபவர்கள். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது கடை திறக்கும். அது விடியலாகவும் இருக்கும், இன்ஷிமாக் களி கிண்டும் நேரமாகவும் இருக்கும். பாதி வெந்ததை அப்படியே இறக்கிவைத்துவிட்டு, சித்தேங்கே துணியை இடுப்பில் இறுக்கியபடி வந்து பூட்டைத் திறப்பார். பந்தாட்டத்தில் அவருக்கு ஒரு துளி ஆர்வமும் கிடையாது. அணிகளைச் சட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்.

புதுக் கன்ட்ரோலர் வந்தால் முதலில் இந்த நிற்கவைக்கும் சோதனை. பிறகு ஒவ்வொரு பொத்தானையும் காதருகே வைத்து அழுத்திப் பார்ப்பார். வாசல் வரை நடந்துபோய், அத்தனை முழங்கால்களையும் தாண்டி சிக்னல் எட்டுகிறதா என்று பார்ப்பார். எல்லாம் ஒரே கறுப்பு என்பதால் முதுகில் நகப்பூச்சால் ஒரு பொட்டு; அது சேரவேண்டிய விளையாட்டுப் பெட்டியிலும் அதே நிறத்தில் இன்னொரு பொட்டு. கடைசியாக நடுப்பொத்தானை அழுத்தி, விளக்கு சிமிட்டுவது நின்று நிலைக்கும்வரை காத்திருப்பார். அந்த நேரத்தில் குமிழ்மேல் விரல் படக்கூடாது. பட்டால், விரல் எந்தப் பக்கம் அழுத்துகிறதோ அதையே நடு என்று அது எடுத்துக்கொள்ளும்.

"கண்ணு முழிக்கிறப்ப தொந்தரவு பண்ணாதீங்க. அதுக்கும் தலைவலி வரும்," என்பார்.

ஆகவே, போன கரண்ட் திரும்பும்போதெல்லாம் கடைக்குள் ஓர் உத்தரவு கேட்கும்: "கையத் தூக்குங்க." தடித்தடியான ஆண்கள் அத்தனை பேரும் கையைத் தூக்குவார்கள். முதல்முறை நானும் தூக்கிவிட்டேன். அந்நிய ஊரில் பிழைப்பவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பாஸ்போர்ட்தான் நினைவுக்கு வருகிறது.

தோற்றவன் எவனும் தன்னால் தோற்றேன் என்று சொல்வதில்லை. கன்ட்ரோலர் சரியில்லை என்பான். அதை நாளெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் முகம் இப்படித் தொய்ந்துவிட்டதோ என்னவோ. ஆனால் "சரியா இருக்கு" என்று அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. சாலைக்கு அப்பால் இருக்கும் கடையில் இதே வழக்குக்குப் பீர் பாட்டில் பறக்கும். இங்கே பறப்பதில்லை. நானும் அதனால்தான் இங்கே வந்து உட்காருகிறேன்.

போன சனிக்கிழமை சிவப்புப் பொட்டு வைத்த புதுக் கன்ட்ரோலர் மினிபஸ் ஓட்டுநர் சிம்பாயாவுக்குக் கிடைத்தது. எதிரில் முடிதிருத்தும் மும்பா. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போய், வந்தது. அப்போது பானா கசோண்டே கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ண்டோலா ஊரில் நடந்த ஒரு சாவைப் பற்றித் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். அன்று உத்தரவு வரவில்லை. பேசியபடியே சிவப்பை அவரே எடுத்து, அவரே நடுப்பொத்தானை அழுத்தி, சிம்பாயாவின் கையில் கொடுத்தார்.

சிம்பாயா படுதோல்வி அடைந்தான். ஆள் இடது பக்கமே இழுக்கிறான் என்று பாதியிலிருந்தே முனகிக்கொண்டிருந்தான்.

"போன வாரம் வெயில் மேல பழி, இன்னிக்கிக் கன்ட்ரோலரு. அடுத்து யாரு, உன் மாமியாரா?" என்றான் மும்பா.

பானா கசோண்டே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலையிலதான் பார்த்தேன். சரியா இருக்கு."

இந்தக் கடையில் தோற்றவன் எல்லோருக்கும் தண்ணீர் பிடித்து வர வேண்டும். குழாய் இருப்பது பேருந்து நிறுத்தத்தின் ஓரத்தில். தன் நடத்துநரும் தினசரிப் பயணிகளும் பார்க்க, பெண்களின் வரிசையில் நிற்கவேண்டும். சிம்பாயா மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் நிற்கும் அழகைப் பார்க்க மும்பாவும் மற்றவர்களும் வாசலில் முண்டினார்கள்.

பானா கசோண்டே பேச்சை முடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்காகச் சிவப்பைத் துடைத்து மேசையில் வைத்தார். பழக்கத்தில் கைகள் அக்குளுக்குப் போயின.

திரையில் ஆள் நடந்தான். மெதுவாக, இடது பக்கமாக, கோடுவரை போய் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றான்.

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, நாளை முதல் தோற்கிற ஒவ்வொருவனும் இந்தச் சனிக்கிழமையைத்தான் எடுத்துப் பேசுவான். அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அதோடு போச்சு, பாட்டில் இங்கேயும் பறக்கும். அணைத்துவிட்டால் நல்லது என்றுதான் எனக்கும் தோன்றியது.

அவர் என்னிடம், யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

சிம்பாயா குழாயை நெருங்கியிருந்தான். அவர் கேனைப் பிடித்தார். அவன் ஒன்றும் புரியாமல் அதை விடாமல் பிடித்திருந்தான்.

"உன் விரல் இல்லப்பா. என் விரல்," என்றார். மொத்த வரிசைக்கும் கேட்டது.

கேனை ஒரே இழுப்பில் வாங்கிக்கொண்டார். அவன் விட்டுக்கொடுத்த இடத்தில் நிற்காமல், அத்தனை பெண்களையும் தாண்டி நடந்துபோய், வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.