தொண்ணூறு நிமிடம் நின்ற தேர்

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்துச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஐந்து வரிகள்.

ஒன்று, ஓடுவதை நிறுத்தி வைக்க பாஸ் பட்டன். இரண்டு, நிறுத்தியது தொண்ணூறு நிமிடம் நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தானாக ஓட ஆரம்பிக்கும். மூன்று, சேனலை மாற்றினால் நிறுத்தியது அழிந்துவிடும். நான்கு, அழியாமல் வேறு சேனல் பார்க்க மஞ்சள் பட்டனை அழுத்தி அடுத்த ட்யூனருக்குப் போக வேண்டும். ஐந்து, கரண்ட் போனால் நிறுத்தியது போய்விடும், ரெக்கார்ட் செய்தது மட்டும் இருக்கும்.

அதை நான் ஒட்டிய அன்று அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுதும் படித்தார். "ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குது. ஆறாவதா, இன்னைக்கு சர்க்கரை கிடையாதுன்னு எழுதிடும்மா" என்றார்.

எனக்குச் சென்னையில் செட்டாப் பாக்ஸ் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. ஒரு பட்டனை எத்தனை விதமாக அழுத்த முடியுமோ அத்தனை விதமாகவும் அழுத்தி, என்ன நடக்கிறது என்று எழுதுவேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ட்யூனர் வைத்த பெட்டி வந்தது என்னால்தான். கேபிளில் வரும் நூற்றுக்கணக்கான சேனல்களில் ஒன்றைப் பிடித்துத் தருவது ட்யூனர். பெட்டியில் இரண்டு இருந்தால், ஒவ்வொன்றும் தான் பிடித்ததை, நாம் கேட்காமலேயே, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் தனித்தனியாக எழுதிக்கொண்டே இருக்கும். தொண்ணூறு நிமிடம் நிரம்பியதும் பழையதன் மேல் புதியதை எழுதும். இதுதான் பஃபர். இது சேமிப்பு அல்ல. கையில் பிடித்திருப்பது மாதிரி. வேறொன்றை எடுக்கச் சொன்னால் இருப்பதைக் கீழே போட்டுவிடும்.

இதை அம்மாவுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அம்மா தலையாட்டிவிட்டு, "எல்லாம் உள்ளதான இருக்குது" என்பாள்.

போன பங்குனித் தேரன்று நான் லீவு போட்டு வந்திருந்தேன். அப்பா நெசவாளிதான், ஆனால் தேரன்று மட்டும் அவருக்கு வேறு வேலை. ஓடும் தேரின் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை கொடுத்து, தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்யும் ஆட்களில் அவர் ஒருவர். அந்தப் பெரிய சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து கட்டையைச் செருகிவிட்டு, அடுத்த நொடியில் விலக வேண்டும். பச்சைத் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார்.

"கேபிள்காரங்க லைவ் போடுறாங்களாம். கேமரா நம்ம பக்கம் வந்தா கைய ஆட்றேன், பாரு" என்றார் அம்மாவிடம்.

"கைய ஆட்டிக்கினு சக்கரத்துல காலக் குடுக்காத. வேலையப் பாரு."

"பத்தரைக்கு வேற ஆளு மாத்திடுவான். சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

அம்மாவுடன் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஒன்பது நாற்பதுக்குத் திரையில் அவர் வந்தார். கேமரா தேரின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கிச் சக்கரத்துக்கு வந்தது. பச்சைத் துண்டு. கட்டையோடு குனிந்திருந்த முதுகு. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அடுப்பில் வடைச் சட்டி வைத்திருந்தாள்.

"எண்ணெய் காயுது. நிறுத்தி வெய், வந்து பாக்கறேன்."

பாஸ் அழுத்தினேன். தேர் நின்றது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "முதுகுதான் தெரியுது. இதப் பாத்து இன்னா பண்றது? அவரு வரட்டும், அவரையும் உக்கார வெச்சிப் பாக்கலாம். கையை ஆட்டினாரா இல்லையான்னு அப்ப தெரிஞ்சிடும்."

பத்து மணிக்கு அவளுடைய சமையல் நிகழ்ச்சி. "சேனல் மாத்தினா இவரு போயிடுவாரே?" என்று கேட்டாள். மூன்றாம் வரி அவளுக்கு நினைவிருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. மஞ்சள் பட்டனை அழுத்தி இரண்டாவது ட்யூனருக்குப் போனேன். யாரோ பீர்க்கங்காய்த் துவையல் அரைத்தார்கள். அது முடிந்து மறுபடி மஞ்சள் பட்டன். அப்பா அதே இடத்தில் குனிந்தபடி இருந்தார்.

அம்மா சிரித்தாள். "அடப்பாவமே, அப்படியே நின்னுக்கினு இருக்காரே. இடுப்பு வலிக்கப் போவுது."

அப்போது நான் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருக்கலாம். ஏன் அழுத்தவில்லை என்று நான் பலமுறை எழுதிப் பார்த்த காரணங்கள் இவை. டிஸ்க் நிரம்பியிருந்தது. எதையாவது அழித்தால்தான் இடம் வரும். அழிக்க அம்மாவிடம் கேட்க வேண்டும், அவள் ஒவ்வொன்றையும் "இன்னும் பாக்கல" என்பாள். அரைமணியில் அவர் வந்துவிடுவார். கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம். பஃபரில் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். அது எப்படி வேலை செய்கிறது என்று இந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

பத்து ஐம்பதுக்கு அப்பாவின் போனிலிருந்து வேறொருவர் பேசினார். அவரோடு கட்டை போடுபவர். வேலை முடிந்து அப்பா ஒரு கடைப் படியில் உட்கார்ந்து மோர் குடித்தாராம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம், வாங்க என்றார். நானும் அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு, கதவைப் பூட்டாமல், பக்கத்து வீட்டு அத்தையிடம் "பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினோம். அந்த அத்தை உறவில்லை. அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. பதினொன்றுக்கு நான்தான் அத்தைக்குப் போன் செய்து சொன்னேன்.

அப்பாவை மூன்று மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்தது. ஒரு தறிச் சத்தம் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால், எடுக்கும் வரை தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ரேடியோ, டிவி எதுவும் பேசாது. சாவு வீட்டில் டிவி பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை வாய் திறக்காது. கூடத்தை அத்தை கழுவி விட்டிருந்தாள். கட்டிலை நகர்த்தி, தெற்கே தலை வைக்க இடம் செய்திருந்தாள்.

அப்பாவைத் தூக்கி உள்ளே கொண்டு வருகிறார்கள். அம்மா வாசற்படியில் விழுந்து அழுகிறாள். நான் பார்த்தது பெட்டியை. அதன் முன்னால் எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. ரிமோட்டில் அணைத்தால் அந்த விளக்கு எரியும். சுவரில் சுவிட்சை அணைத்தால்தான் அணையும். இதை நான் அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், மனதுக்குள் ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தேன். இன்றும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

இப்படிக் கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற சோதனையை அலுவலகத்தில் செய்தவள் நான்தான். நேரலை நிறுத்தப்பட்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். மறுபடி இயக்கும்போது பெட்டி முதல் வேலையாகப் பழைய பஃபரை அழிக்க வேண்டும். அழித்தது. சரி என்று குறித்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தலையில் எண்ணெய்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"பெட்டிக்குள்ள இருக்காரில்ல?"

நான் பதில் சொல்வதற்குள் யாரோ துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். அவள் அதை 'இருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம், "தேருல கட்டை போட்டது டிவில இருக்குது. காரியம் முடியட்டும், போட்டுப் பாக்கணும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தேறியது.

ஒன்பதாம் நாள் கேபிள்காரரிடம் போனேன். நல்ல மனிதர். எழுந்து நின்று பேசினார்.

"லைவ்தானேம்மா, வந்தது வந்த மாதிரி போயிடும். நாங்க எடுத்து வெக்கிறதில்ல. தனியா கொஞ்சம் எடுத்தது இருக்குது, பாக்கறியா?"

பத்து நிமிடம் இருந்தது. தேரின் கலசம், பூ, மேளக்காரர்கள், வடம் பிடிக்கும் பெண்கள். சக்கரம் இல்லை. போனில் எடுத்தவர்கள் யாராவது இருப்பார்களா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். எல்லோருடைய போனிலும் தேர் இருந்தது. எல்லோரும் மேலே பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாயங்காலம் உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அத்தை மட்டும் பாத்திரம் ஒழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா பாயை டிவிக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடும்மா."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். பஃபர், ட்யூனர் என்று எதையும் சொல்லவில்லை. "அது போயிடுச்சும்மா. நடுவுல கரண்ட் போயிருக்குது. நான் ரெக்கார்ட் பண்ணியிருக்கணும். பண்ணல" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள். ஐந்தாவது வரிவரை மெதுவாகப் படித்தாள் என்று நினைக்கிறேன்.

"எழுதித்தான் ஒட்டியிருக்கற" என்றாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தை ஈரக்கையோடு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கரண்ட் போவலண்ணி. நான்தான் சுவிட்ச அணைச்சேன்."

"அத்தை, விடுங்க" என்றேன்.

"இல்லம்மா, சொல்லிடறேன். பதினாறு நாளா நெஞ்சுக்குள்ளயே கெடக்குது. நீ போன் பண்ணி சொன்னதும் கூடத்தக் கழுவ வந்தேன். டிவில யாரோ குனிஞ்சிக்கினு நிக்கிறாப்பல படம். சத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. போட்டோன்னு நெனச்சி விட்டுட்டேன். கட்டில நவுத்திக்கினே இருக்கறேன், திடீர்னு மேளம் அடிக்குது. திரும்பிப் பாத்தா அண்ணன் நிமிர்றாரு."

பதினொன்று பத்து. தொண்ணூறு நிமிடம் முடிந்து, பெட்டி தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. இரண்டாவது வரி.

அம்மா முழங்காலில் எழுந்து உட்கார்ந்தாள். "நிமிர்ந்தாரா?"

"நிமிர்ந்தாரு. துண்ட அவுத்து மூஞ்சத் தொடைச்சாரு. தேரு அவரத் தாண்டிப் போவுது. அப்பால நம்ம பக்கமா திரும்பினாரு. என்னையே பாக்கறாப்பல இருந்திச்சு. இப்பதான சொன்னாங்க போயிட்டாருன்னு... எனக்கு உசுரே இல்ல, அண்ணி. கத்திக்கினே ஓடிப்போய் சுவிட்ச அணைச்சிட்டேன்."

"சிரிச்சாரா?"

"தெரியல. கையத் தூக்கினாரு."

"ஆட்டினாரா?"

அத்தை பொய் சொல்லியிருக்கலாம். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட மாட்டாளா என்றுகூட நினைத்தேன்.

"தூக்கினத மட்டும்தான் பாத்தேன், அண்ணி. அதுக்குள்ள அணைச்சிட்டேன்."

பிறகு அவள் அழுதாள். அம்மா அழவில்லை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பாயிலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

"மறுபடி சொல்லு. நிமிர்ந்தாரு. அப்பறம்?"

அத்தை மறுபடி சொன்னாள். துண்டு. முகம். தேர் தாண்டிப் போனது. திரும்பியது. கை. நான் பார்த்தது குனிந்த முதுகு வரைக்கும்தான். அதற்கு மேல் இருந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எந்தக் கை என்று நடுவில் ஒருமுறை கேட்டாள். வலது கை என்றாள் அத்தை.

இப்போதும் நான் ஊருக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை வருகிறாள். வேறு ஏதோ பேச்சு நடக்கும். நடுவில் அம்மா கேட்பாள். அத்தை முதலிலிருந்து சொல்வாள். ஒவ்வொரு முறையும் கை தூக்கிய இடத்தில் நிறுத்திவிடுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்ததில்லை.

அம்மாவும் இப்போது அதற்கு மேல் கேட்பதில்லை.

போன வாரம் சுவரில் வெள்ளையடிக்க வந்தவர் தாளைக் கிழிக்கலாமா என்று கேட்டார். "இருக்கட்டும், அதச் சுத்தி அடி" என்றாள் அம்மா.