கோமதித்தாயின் முந்தானை

கோமதித்தாயைச் சங்கரன்கோவிலில் ‘ஒத்தக்கை’ என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவன் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும். இரண்டு கையும் இருந்த காலத்தில், கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கும் எங்கள் ஜின்னிங் ஆலையில் அவளைப் போலப் பருத்தியை மெஷினுக்குள் தள்ளிக்கொடுக்க ஆள் கிடையாது. நான் சுடலைராஜ், அந்த ஆலையின் பிட்டர். மெஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் வேலை.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசி மாலை போட்டுவிட்டால், மறுநாள் மறுபூஜை முடியும்வரை எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது. வீட்டுத் தையல் மெஷினுக்குக்கூட அன்று லீவுதான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், பூஜை முடிந்து எல்லோரும் போன சாயங்காலம், நானும் கோமதித்தாயும் மட்டும் இருந்தபோது மேனேஜர் மூக்காண்டி வந்தார்.

"மிச்சம் கெடக்க பருத்திய அரைச்சிருவோம். சுவிட்ச போடுலே."

போட்டேன், புத்தி கெட்டவன். மாலையைக் கழற்றவே இல்லை. உருளை அதை உள்ளே இழுத்தது. ஐயோ, சாமி பூ நசுங்குதே என்று பதறிக் கோமதித்தாய் கையை நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் நிறுத்துவதற்குள் முழங்கைவரை போய்விட்டது. பஞ்செல்லாம் ரத்தம், என் முகமெல்லாம் ரத்தம். அவள் மெஷினின் இரும்பில் மடார் மடாரென்று தலையை முட்டிக்கொண்டாள்.

பூஜையன்று ஓட்டியது முதலாளிக்குத் தெரிந்தால் மூக்காண்டியின் வேலை போய்விடும். அதனால் விபத்துப் பதிவேட்டில் முந்தின நாள் தேதியைப் போட்டு, ‘முந்தானையைச் செருகாமல் வேலை செய்த பெண்ணின் கவனக்குறைவே காரணம்’ என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

அந்த ஒரு வரி அவள் வாழ்க்கையைத் தின்றுவிட்டது. நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார், ‘முந்தானையவே பாத்துக்கிடத் தெரியாதவளா குடும்பத்தப் பாப்பா’ என்று விலகிக்கொண்டார்கள். மாலையை எடுக்கத்தான் கை நீட்டினேன் என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அண்ணாச்சி ஒருத்தராவது உண்மையைச் சொல்லியிருப்பார் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த அண்ணாச்சி நான்தான்.

பூட்டிக் கிடந்த ஆலையைப் போன வருஷம் ரெனி என்ற சென்னைப் பெண் எடுத்துக் கலைக்கூடமாக மாற்றினாள். நான் வாட்ச்மேன், கோமதித்தாய் கூட்டிப் பெருக்க. திறப்பு விழாவுக்கு முந்தின நாள், ஆலையின் பழைய காகிதங்களை ஆள் உயரத்துக்குப் பெரிசாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் விபத்துப் பதிவேட்டுத் தாளின் முன்னால் நின்று கோமதித்தாய் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசில இருக்க கையெழுத்து யாருது அண்ணாச்சி?"

"என்னுது."

இடக்கையால் அறைந்தாள். உதடு கிழிந்தது. விழுந்தவனை நெஞ்சிலும் வயிற்றிலும் மிதித்தாள். நான் தடுக்கவில்லை. எப்போதோ வாங்கியிருக்க வேண்டிய உதை அது. பிறகு கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக் கண்ணாடியை நொறுக்கினாள். காட்சிக்கு வைத்திருந்த அந்த மெஷினையும் விடவில்லை. பெயிண்ட் அடித்த உருளை நெளிகிறவரை அடித்தாள்.

ரெனி ஓடிவந்தாள். போலீசுக்குப் புகார் எழுதி என்னிடம் நீட்டினாள். "நீங்கதான பாத்தீங்க, சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

கோமதித்தாய் பெயரை அடித்துவிட்டு, ‘உடைத்தது நான்’ என்று எழுதினேன். கோமதித்தாய் தாளைப் பிடுங்கி வாசித்தாள். காறித் துப்பினாள்.

"ஒமக்கு நெசமே எழுத வராதா வே? ஒடைச்சது நான்தான். அப்படியே எழுதும். எதுக்கு ஒடைச்சேன்னும் எழுதும்."

வாயில் ஊறிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, ஆயுத பூஜையன்று சாயங்காலத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். தாள் போதவில்லை. ரெனியிடம் இன்னொன்று கேட்டேன்.