வெர்னெல் பிட்மன் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

1977 மார்ச்சிலிருந்து இன்றுவரை, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் வெர்னெல் பிட்மனின் இரண்டு அறை வீட்டில் தங்கிப் போனவர்கள் முப்பத்தெட்டுப் பேர். எல்லோரும் கறுப்பினத் திருநங்கைகள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். வெர்னெலும் அப்படி வந்தவர்தான், ஒரு தையல் இயந்திரத்தோடு. அவர் வட்டத்தில் நீதிபதி முன் நின்று பெயரை மாற்றிக்கொண்ட முதல் ஆள் அவர். பின்னால் வந்தவர்களை அவரே கூட்டிப்போனார்.

தேவாலயத்தில் மட்டும் அந்தப் பெயர் செல்லவில்லை. பாடகர் குழுவின் அங்கிகளை நாற்பது வருடமாக அவர்தான் தைக்கிறார். ஆனாலும் அங்கே அவர் இன்னும் பழைய ஆண் பெயரில் "பிரதர் வெர்னன்". கடைசி வரிசையில் இருந்தபடி அதற்கும் தலையாட்டிவந்தார்.

இந்தப் பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்துக்காக, முன்னோடிகளின் படங்களைச் சபைச் சுவரில் மாட்ட முடிவானது. வெர்னெல் படமும் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவள் ஜாக்கெட்டா. வெர்னெல் வீட்டில் தங்கியவர்களில் ஒருத்தி. இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறாள். சபை சம்மதித்தது. வெர்னெலுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"பழைய பேரைப் போட்டாங்கன்னா நானே ஏறிக் கழட்டிட்டு வந்துடுவேன்."

"இடுப்பெலும்புல இரும்புப் பிளேட்டு வச்சுக்கிட்டு ஏணி ஏறப்போறீங்களாம்மா? கிரீச்சுங்கறது ஏணியா நீங்களான்னு தெரியாம சபையே ஓடிரும்" என்றாள் ஜாக்கெட்டா.

வியாழக்கிழமை யூலா கிரென்ஷா கேக்கோடு வந்தார். வயது எண்பத்து நான்கு. முன்வரிசையில் வெள்ளை உடையில் அமரும் மூத்த பெண்களைச் சபையில் 'மதர்' என்பார்கள், அவர்களுக்குத் தலைவி.

"வெர்னெல்னே போட்டாச்சு. அதுக்கு முன்னாடி என்ன போடறதுன்னுதான் மூணு மணி நேரம் சண்டை. பிரதர்னா உன் பொண்ணுங்க வாசல்ல வந்து நிப்பாளுங்க. சிஸ்டர்னா, சபைக் காரியம் பாக்கற டீக்கனுக்கு வாய் வரல."

"அப்போ ஒண்ணும் போட வேண்டாம்."

"மதர்னு போட்டுட்டேன்."

வெர்னெல் கத்தியைக் கேக்கிலேயே விட்டுவிட்டார்.

"எழுபத்தோரு வயசாச்சு, இனிமே என்னடி உனக்கு சிஸ்டர்? முப்பத்தெட்டு பேரு அப்படித்தான கூப்பிடறாளுங்க! டீக்கனும் கை தூக்கிட்டாரு. பசி வந்துடுச்சு அவருக்கு."

"ரொம்ப நன்றி, மதர் கிரென்ஷா."

"நன்றி நான்தான் சொல்லணும். நீ தச்ச அங்கியப் போட்டுப் பாடிக்கிட்டே, உன்னைத் தப்பாக் கூப்பிட்டிருக்கேன்." கைக்குட்டையை எடுத்து, மூக்கைச் சிந்தினார். "ஆனா மதர்னா பின்னாடி உக்கார முடியாது, தெரியுமில்ல? வெள்ளைல ஏதாவது வச்சிருக்கியா?"

வெர்னெலிடம் இல்லை. ஜாக்கெட்டா நாளை வேலை முடிந்ததும் ஐந்து கெஜம் வெள்ளைத் துணி வாங்கி வருகிறாள். ஆராதனை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு.