இருநூறு தட்டும் இருபத்திரண்டு தட்டும்

வாத்தியார் வேலைக்குப் படிக்கிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதே என் தொழிலாக இருந்தது. முதலில் விழுப்புரத்தில் ஒரு பெரிய பயிற்சிப் பள்ளியின் விடுதியில் ஏழு வருடம் இருந்தேன். பிறகு திண்டிவனத்தில் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில் அதைவிட அதிக காலம். நான் ஐந்தாவது வரை படித்தவன். இருந்தாலும் படிக்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பெரிய இடத்திலும் சின்ன இடத்திலும் அடுப்புப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன்.

விழுப்புரத்தில் இருநூறு பேர். மூன்று பந்தியாகச் சாப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அது அவரவர் தட்டின் விளிம்பில் ஆணியால் குத்தியிருக்கும். சமையல்கட்டில் நாங்கள் ஆறு பேர், அதில் என் பொறுப்பு சாம்பார் வாளி. வாளியைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடியே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவேன், திரும்புவேன். எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம் அதிகம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை, நானும் நிமிர வேண்டியதில்லை. கைகளும் தட்டுகளும் மட்டும் கண்ணில் பட்டால் போதும்.

அங்கே படித்தவர்களுக்கு எல்லாம் இருந்தது. பத்திரிகை படிக்கத் தனி அறை, நாடகம் போட ஒரு கூட்டம், பாட்டுக்கு ஒரு கூட்டம். சாப்பாட்டுச் செயலாளர் தேர்தல் வந்தால் ஒரு வாரம் சுவரெல்லாம் கரியால் எழுதித் தள்ளுவார்கள். தோற்ற கட்சி மறுநாளே ரசத்தைப் பற்றிப் புகார் கொடுக்கும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால் வருடம் முழுக்க முகம் பார்க்காமல் இருக்கலாம், அதற்கு அங்கே இடம் இருந்தது. பிடித்தவர்களோடு மட்டும் பழகலாம். யார் எங்கே உட்காருவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் எப்போதும் கடைசிக் கோடியில்தான் இருந்தார்கள். வாளி அங்கே போய்ச் சேரும்போது சாம்பாரில் காய் இருக்காது. சில நாள் நான் அந்தக் கோடியிலிருந்து தொடங்குவேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஒருமுறை ஒரு பிள்ளை காய்ச்சலில் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் அலமாரியில் ஒரு தட்டு மட்டும் காய்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் தேடிப் போனோம்.

என் மனைவிக்கு ஓமந்தூர்ப் பக்கம். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய சமயம் என் மாமனார் படுத்த படுக்கையானதால் அந்தப் பக்கமாக வர வேண்டியதாயிற்று. அப்படித்தான் திண்டிவனத்துக்கு வந்தேன். அங்கே படித்தவர்கள் மொத்தம் இருபத்திரண்டு பேர். பெரிய வாத்தியார் ஒருவர், உதவி வாத்தியார்கள் இருவர். பாடம் நடத்திப் பழகுவதற்காக ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். சமையலுக்கு நான் ஒருவன்தான். காய் நறுக்குவதும் தண்ணீர் இறைப்பதும் படிக்கிறவர்களே முறை வைத்துச் செய்தார்கள்.

வந்த அன்றே ஒருவர் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு? எத்தினி புள்ளைங்க?"

சொன்னேன். அரை மணி நேரத்தில் இருபத்திரண்டு பேருக்கும் என் குடும்பம் மனப்பாடம். ஒரு வாரம் வரைக்கும் விழுப்புரத்துக்கே திரும்பிவிடலாமா என்றிருந்தது. அங்கே எதையும் மறைக்க முடியாது. யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது, யார் அதைப் படித்துவிட்டுச் சோறு குறைத்துச் சாப்பிட்டார், எல்லாம் எல்லோருக்கும் தெரியும். சண்டை போட்ட இருவருக்கும் மறுநாள் கிணற்று முறை சேர்ந்தே வரும். ஒருவர் இறைத்தால் மற்றவர் ஊற்றியாக வேண்டும். நாலாவது குடத்தில் பேச்சு வந்துவிடும். உட்காருவதும் ஒரே வரிசைதான். இரண்டு வரிசை போட ஆளும் இல்லை, இடமும் இல்லை.

கால்பந்துக்கு இருபத்திரண்டு பேர் சரியாக இருக்கும். ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்னைக் கோலில் நிற்க வைப்பார்கள். நான் வேண்டாம் என்றால் விட மாட்டார்கள்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்ணே. சும்மா நின்னுக்கினு இருங்க. பந்து தானா வந்து உங்க மேல படும்."

இரண்டாவது வருடம் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். இருபத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். மூன்றாம் நாள் காய் நறுக்கும் முறை அவருடையது. கொஞ்ச நேரம் நறுக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, நான் உங்க கையால ஒரு வருஷம் சாப்ட்டிருக்கேன்."

"எங்க?"

"விழுப்புரத்துல."

முகத்தை நன்றாகப் பார்த்தேன். நினைவே வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. என்ன எண் என்று கேட்டேன்.

"நூத்திப் பன்னண்டு."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் அரிவாள் பட்ட பழைய தழும்பு.

"ரெண்டாந்தரம் ஊத்த வந்தா தட்டு மேல கைய வெச்சி மூடுவீங்க."

அவர் சிரித்தார். "அதேதான். வேணும்னு கேக்கவும் வெக்கம், வேணாம்னு சொல்லவும் வெக்கம். அதுக்குத்தான் கை."

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அவர் ஊர். தாயும் தகப்பனும் கூலிக்கு நடவு நட்டுப் படிக்க வைத்தார்கள். விழுப்புரத்தில் எழுத்துப் பரீட்சையில் எல்லாம் தேறிவிட்டார். மாதிரிப் பாடத்தில்தான் தவறினார். பரீட்சைக்காரர் பின்னால் உட்கார்ந்திருக்கப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். இவர் கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அதோடு இவர் குரலும் அடைத்துக்கொண்டது. அங்கே ஆள் அதிகம், வகுப்பு குறைவு. வருடத்தில் நாலைந்து தரம்தான் பிள்ளைகள் முன்னால் நிற்கக் கிடைத்திருக்கிறது. நிற்காமல் நழுவினாலும் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

"இன்னும் ஒரு தரம்தான் எழுத உடுவாங்களாம்," என்றார். "எங்க தெருவுல ஒரு பள்ளிக்கூடம் தொறக்கப் போறாங்கண்ணே. எங்க ஆளு ஒருத்தன் வாத்தியாரா வந்தா நல்லதுன்னு எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருக்காங்க. இதுலயும் போச்சுன்னா நான் கரும்பு வெட்டத்தான் போவணும்."

திண்டிவனத்தில் நழுவ வழியில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் அவர் முறை வந்துவிடும். முதலில் அவர் குரல் முன்பெஞ்சைத் தாண்டவில்லை. தைப் பொங்கல் கழிந்தபோது நான் அடுப்படியிலிருந்தே கேட்க முடிந்தது.

பங்குனியில் அவருக்கு மாதிரிப் பாடப் பரீட்சை. அன்று பார்த்துச் சுற்றுவட்டக் கழனிகளில் மல்லாட்டை பிடுங்கி முடித்திருந்தார்கள். மண்ணில் விடுபட்ட கடலைக்காயைப் பொறுக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கூடையோடு போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஆறு பேர். வெளியூரிலிருந்து வந்த பரீட்சைக்காரர் வகுப்பை எட்டிப் பார்த்தார்.

"பத்துப் பேராவது இல்லாம இதை வகுப்புன்னு எப்படி எழுதறது? அடுத்த வருஷம் பாத்துக்கலாமே."

நூற்றுப் பன்னிரண்டுக்காரர் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். பெரிய வாத்தியார் யோசித்தார். பெரியவர்களுக்குப் பாடம் சொல்வதும் பயிற்சியில் சேர்ந்ததுதானே, இங்கே வேலை செய்கிறவர்களை உட்கார வைக்கலாமா என்று கேட்டார். பரீட்சைக்காரர் சிரித்துவிட்டுச் சரி என்றார். அப்படித் தோட்டக்காரர், அவர் மனைவி, பால் ஊற்ற வந்தவர், நான் என்று நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"இந்த வயசுல எனக்கு பெஞ்சா?" என்றார் தோட்டக்காரர். "பிரம்படி உண்டான்னு முன்னாடியே சொல்லிடுங்க."

கணக்குப் பாடம். நூற்றுப் பன்னிரண்டுக்காரர் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினார். பத்துப் பேருக்கு ஒரு வேளைக்கு இரண்டு படி அரிசி வேண்டும். நூறு பேருக்கு எத்தனை படி?

பின்னால் இருந்த புது மனிதரைக் கண்டு பிள்ளைகள் மிரண்டு போயிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விழுப்புரத்திலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யாராவது ஏதாவது சொன்னால் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

"பதினேழு படி போதும்."

முன்னால் இருந்த சின்னப் பெண் திரும்பிப் பார்த்தாள். "தப்பு. இருவது," என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பரீட்சைக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. உதவப் போய் அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அவர் குரல் கேட்டது.

"ஏன் பதினேழு? சொல்லுங்கண்ணே."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பத்துப் பேருன்னா பத்துப் பேரும் உக்காருவாங்க. எல்லாரும் ரெண்டாந்தரம் கேப்பாங்க. நூறு பேருன்னா அப்டி இல்லீங்க. நாலு பேரு ஊருக்குப் போயிருப்பாங்க. ரெண்டு பேரு ஜொரம்னு படுத்துக்கினு இருப்பாங்க. கேக்க வெக்கப்பட்டுக்கினு பாதி வயித்தோட எழுந்து போறவங்க ஒரு பத்துப் பேரு. இருவது படி போட்டா சோறு மீந்துடும்."

அத்தனை பேர் முன்னால் அவ்வளவு வார்த்தை நான் அதற்கு முன் பேசியதில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் சொன்னது சமையலுக்கு சரி. பாப்பா சொன்னது கணக்குக்கு சரி. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

கடைசியில் இருந்த ஒரு பையன் எழுந்தான். "கணக்குல யாருக்கும் ஜொரம் வராது சார்."

பரீட்சைக்காரரே சிரித்துவிட்டார். 'எல்லோரும் ஒரே அளவு சாப்பிட்டால்' என்று நூற்றுப் பன்னிரண்டுக்காரர் கணக்குக்கு மேலே பெரிதாக எழுதினார். அதற்குப் பிறகு பிள்ளைகளை நிறுத்த முடியவில்லை. முப்பது பேர், எழுபது பேர் என்று அவர் கேட்கக் கேட்கக் கை தூக்கினார்கள். தோட்டக்காரரும் கை தூக்கினார்.

"எங்க வூட்ல அஞ்சு பேரு. அதுல நான் ஒருத்தனே மூணு பேருக்கு சமம். அத எப்டிங்க போடறது?"

"அத நான் ஒலையில போட்டுக்கறேன். நீ கைய எறக்கு," என்றார் அவர் மனைவி.

மதியம் பரீட்சைக்காரர் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். குனிந்து சோறு வைத்தேன்.

"எனக்கும் சேத்துத்தான் ஒலை வெச்சீங்களா, இல்ல மீதியிலயா?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு பேருக்குத்தாங்க வெச்சேன். ஒருத்தரு இன்னிக்கு சாப்பிட மாட்டாருன்னு தெரியும்."

அவர் வரிசையைப் பார்த்தார். ஒரு தட்டு காலியாக இருந்தது. அந்தத் தட்டுக்காரர் வெளியே கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அவரை வந்து சாப்பிடச் சொல்லுங்க," என்றார் பரீட்சைக்காரர். "நல்லாவே சாப்பிடச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று சோறு போதவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு நானும் தோட்டக்காரரும் கேப்பை மாவில் களி கிளறி, மிச்சமிருந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம்.