மூன்றாவது வரிசையில் வில்மார்

வில்மாருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. லா தேஹா பேட்டையில் இது ஊரறிந்த விஷயம். மற்ற மாதங்களில் மொந்தெவிதேயோ நகர் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்து அலைவார். கார்னிவல் வந்துவிட்டால் எங்கள் பேட்டை மேடைக்கு மின்சாரம் அவர் பொறுப்பு. முகத்தில் சாயம் பூசிய முர்காப் பாட்டுக் கோஷ்டிகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அமைச்சரில் ஆரம்பித்து அடுத்த வீட்டுக்காரன்வரை எல்லாரையும் பாட்டிலேயே கிழித்துத் தொங்கவிடுவார்கள். சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். வில்மார் மட்டும் மேடைக்கு அடியில் குனிந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோலக் கேபிளைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், கார்னிவல் கமிட்டி சொன்னதே என்று இரண்டு பழைய கேபிள்களை ஒட்டுப்போட்டு டேப் சுற்றி ஓட்டினார். பாட்டு உச்சத்தில் இருந்தபோது விளக்குகள் செம்மண் நிறத்துக்கு இறங்கின. அடுத்த நொடி கும்மிருட்டு. ஒட்டுப்போட்ட இடம் கருகிப்போயிருந்தது. சொன்ன கமிட்டியை யாரும் திட்டவில்லை, கேட்ட வில்மாரைத்தான் திட்டினார்கள். கமிட்டித் தலைவர், கசாப்புக்கடை ஒல்வேரா, அன்றிலிருந்து அவரை "கரண்ட் கட்டு" என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த வருஷம் வில்மார் மசியவில்லை. கிளப் அறையில் மாத்தே பானக் குவளை கைமாறிக்கொண்டிருக்க, ஒல்வேரா மறுபடியும் அதே பல்லவியைப் பாடினார்.

"ரெண்டு துண்டு சும்மாத்தானே கெடக்கு? சேத்துட்டாப் போச்சு."

"சேர்க்கிற எடந்தான் முதல்ல சூடாகும். மீட்டர்லேருந்து மேடைவரைக்கும் ஒரே கேபிள். நடுவுல ஒரு மூட்டுகூட ஆகாது."

"அது சரி, ஏன்யா இவ்ளோ தடிமன்? விளக்குக்கா, கப்பலைக் கட்டவா?"

"மெலிசாப் போட்டுக் கருகினா நீ எனக்கு இன்னொரு பேரு வைப்பே. ஒண்ணே போதும்."

அறையே சிரித்தது. ஒல்வேராவும் சிரித்துவிட்டுத் தலையாட்டினார்.

கனெக்டர் பொறுக்குவதற்கே ஒரு மதியம் போயிற்று. பெட்டியைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனை கறுத்தது வேண்டாம். செருகினால் தொளதொளவென்று ஆடுவது வேண்டாம். திருகிப் பூட்டும் வளையம் இல்லாததும் வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஆடுகிற கால்கள் எத்தினால் கழன்றுவிடும். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி வைக்கவும் யாரையும் விடவில்லை. சுருளுக்குள் சூடு தங்கும் என்று மேடைக்கு அடியில் அகல அகலமாக வளைத்துப் பரப்பினார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இப்படித் துருவமாட்டான்," என்றார் ஒல்வேரா.

இத்தனை பாடும் எதற்கு? சுல்மாவுக்காக.

சுல்மா அவர் மனைவி. இருபது வருஷமாக முர்காவில் பாடுகிறாள், எப்போதும் கூட்டத்தில் ஒருத்தியாக. இந்த வருஷம்தான், கோஷ்டி கடைசியாகப் பாடும் விடைபெறும் பாட்டில் அவளுக்குத் தனியாகச் சில வரிகள் கொடுத்திருந்தார்கள்.

"இத்தனை வருஷத்துல பலகை இடுக்கு வழியா என் செருப்பைத்தான் நீ பாத்திருக்கே, கிழவா. என் மூஞ்சியப் பாத்ததில்ல," என்றாள். "இந்தத் தடவை மூணாவது வரிசையில ஒக்காரணும். முழுசா. நடுவுல எழுந்தேன்னா இனிமே ஒன்னக் கூப்பிடவே மாட்டேன்."

"கேபிள் புதுசு, மூட்டே கெடையாது. எதுக்கு எழுந்திரிக்கப்போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமாத்தான்."

உட்கார்ந்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும், உட்காரத்தான் செய்தார். ஆனால் அது உட்காருவதா? முள்மேல் இருப்பவர்போல நெளிந்தார். சுல்மாவின் கோஷ்டி நுழைந்து ஒரு பாட்டு முடிந்தது. அமைச்சரைக் கிண்டலடித்தார்கள், பக்கத்துக் கிழவர் சிரிப்பில் இருமினார். வில்மார் தலைக்கு மேலே விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சோரிசோ இறைச்சி சுடும் கடையில் யாரோ எதையோ செருகினால் அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். பிறகு சட்டென்று சத்தியம் ஞாபகம் வந்து மேடையைப் பார்ப்பார். பச்சையும் பொன்னுமாய்ச் சாயம் பூசிய முகங்களில் சுல்மாவைத் தேடிக் கண்டுபிடித்தார். அவளும் அவரைப் பார்த்துவிட்டாள். அவ்வளவு பேருக்கு நடுவில் அவள் புருவம் ஏறி இறங்கியதில் அவருக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று.

விடைபெறும் பாட்டு தொடங்கியது. சுல்மா இரண்டடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள்.

விளக்குகள் செம்மண் நிறத்துக்கு இறங்கின.

அதே நிறம். எப்போது எழுந்தார், யார் காலை மிதித்தார் என்று வில்மாருக்கே தெரியாது. மேடையைச் சுற்றி ஓடிப் பலகைக்கு அடியில் நுழைந்து கேபிளைப் பிடித்தார். சில்லென்றிருந்தது. தவழ்ந்துபோய்க் கனெக்டரைப் பிடித்தார். அதுவும் சில்லென்றிருந்தது. வளையம் பூட்டியபடியே இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டு மீட்டர்வரை போனார். எங்கேயும் இளஞ்சூடுகூட இல்லை.

தலைக்கு மேல் அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கிகள் சனத்தைப் பார்த்து நின்றதால் பின்பக்கம் சொற்கள் பிடிபடவில்லை. ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் முழு அமைதி. அதற்கப்புறம் கைதட்டல், நிற்காத கைதட்டல்.

விளக்குகளை ஏற்றி இறக்கும் கார்மெலோவிடம் ஓடினார்.

"என்னய்யா ஆச்சு? ஏன் எறங்கிச்சு?"

"நான்தான் எறக்கினேன். சுல்மா கேட்டா. அவ பாடறப்போ அவ மேல மட்டும் ஒரே ஒரு வெளக்கு. ஒன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னா. ஆச்சரியமா இருக்கட்டுமாம்."

வில்மார் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

கோஷ்டி இறங்கி வந்தது. சுல்மா பஸ் படியில் உட்கார்ந்து துணியால் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே பச்சை இழுபட்டிருந்தது. அவர் எதிரில் போய் நின்றார்.

"சூடா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. சில்லுனுதான் இருந்துச்சு."

"நல்லது."

"என்ன பாடினே, கிழவி? கீழே ஒண்ணும் வெளங்கல."

"ஒன்னப் பத்தித்தான்."

"என்னன்னு?"

அவள் துணியை மடித்து மறுபக்கத்தால் துடைத்தாள். அடுத்த கோஷ்டி மேடையேறி, பெரிய முரசு அதிர ஆரம்பித்தது. வில்மாரின் விரல்கள் தானாகவே பிசைந்துகொண்டன. அதை அவள் பார்த்தாள்.

"போ. போய்த் தொட்டுட்டு வா."

போகாமல் இருந்திருக்கலாம். போனார்.