தங்கச்சி என்று பதிந்த எண்

தினேஸ்வரி என் வீட்டுக்கு வாடகைக்கு வந்த மறுநாளே எங்கள் வரிசையில் பாதிச் சன்னல்கள் சாத்திக்கொண்டன. கொடியில் காய்ந்த நீலநிறப் போலிஸ் சட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரன் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்கட்டில் நிறுத்தினான். ரோட் டேக்ஸ் கட்டாத வண்டி, பாவம். "ரோசரி, உனக்கு வேற ஆளே கிடைக்கலையா லா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். சமைத்த பாத்திரத்தைத் தானே கழுவி வைக்கிற பெண் போலிஸாக இருந்தால் என்ன, பேயாக இருந்தால் என்ன என்றேன்.

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனை நடத்துகிறவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் கிளென் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் அறை சும்மா கிடந்தது. அதில்தான் இந்தப் பெண் வந்து பெட்டியை வைத்தாள். இருபத்து நாலு வயது, பத்து காஜா என்ற ஊர்க்காரி. அப்பா சன்னாசி லாரி ஓட்டுகிறவர். வழியெல்லாம் போலிஸ் கை காட்டி நிறுத்தியே தலை நரைத்த மனிதர் அவர். மகள் போலிஸில் சேரப்போகிறேன் என்றதும் "வேற எங்கயும் சோறு கிடைக்கலையா?" என்று கத்தியிருக்கிறார். பயிற்சி முடிந்து அவள் அணிவகுத்து நடந்த அன்றோ முன் வரிசையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாராம்.

"எதுக்குடி இந்த வேலைக்கு வந்த?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஈப்போல துணிக்கடையில நின்னு நின்னு காலு வீங்கிருச்சு ஆன்ட்டி. இது அரசாங்க வேலை. பென்சன் இருக்கு."

மக்களுக்குச் சேவை, நாட்டுக்குத் தொண்டு என்றெல்லாம் அவள் அளக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவளுக்குக் கிடைத்த பாலாய், அதாவது போலிஸ் நிலையம், ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டு முச்சந்தியில் இருந்தது. மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பொறுப்பிலிருந்த சார்ஜன் பென்சனுக்கு நெருங்கிவிட்ட மலாய்க்காரர். கெட்டவர் இல்லை, கோப்புகளை அடுக்கி வைப்பதில் ஆசை உள்ளவர். அங்கே தமிழ் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். தமிழ் ஆள் யார் வாசலில் வந்து நின்றாலும், எந்தத் தோட்டத்தில் என்ன தகராறு என்றாலும், "தினேஸ்!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும்.

அப்படித்தான் முதல் வாரமே ஆத்துமேட்டுத் தோட்டத்துக்குப் போனாள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. குலை வெட்டுவது வெளிநாட்டுக்காரர்கள். ஆனாலும் ஆற்றை ஒட்டித் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லயம் ஒரு வரிசை மிச்சமிருக்கிறது. போக இடமில்லாத நம் குடும்பங்கள் சில அதில்தான் இருக்கின்றன. ஆண்கள் லாரிக்குப் போகிறார்கள், பெண்கள் டவுனுக்குக் கூட்டிப் பெருக்கப் போகிறார்கள். செம்பனைக் குலைகள் திருட்டுப் போய்விட்டன என்று மேனேஜர் புகார் கொடுத்திருந்தார். விசாரிக்கப் போன போலிஸ் வண்டியைப் பார்த்ததும் லயத்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. போலிஸ் கூட்டிக்கொண்டு போன ஆள் எப்படித் திரும்பினான் என்பதற்கு அங்கே வீட்டுக்கு ஒரு கதை உண்டு. சில கதைகளில் ஆள் திரும்பவே இல்லை.

கூட வந்த கான்ஸ்டபிள் கதவைத் தட்டித் தட்டி அலுத்துவிட்டான். இவள் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். ஒரு கதவு திறந்தது, பின்னாலேயே நாலு கதவு திறந்தது. தண்ணீர் கேட்டவளுக்கு மைலோ வந்தது. போலிஸில் நம் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வாய் நிறையச் சிரித்தார்கள். திரும்பும்போது தன் கைப்பேசி எண்ணை லயம் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏண்டி, பொண்ணு பாக்க வர்றவனுக்குக்கூட இவ்ளோ சுலபமா நம்பர் குடுக்க மாட்டாங்களே!" என்றேன்.

"பாலாய்க்கு வர பயப்படுறாங்க ஆன்ட்டி. எனக்குன்னா போடுவாங்க."

போட்டார்கள். மாமனார் வீட்டு மாட்டைக் காணோம், குளியலறையில் பாம்பு, மகனுக்குச் சம்மன் வந்துவிட்டது, லைசன்ஸை எங்கே புதுப்பிப்பது என்று சோற்றில் கை வைத்த நேரமாகப் பார்த்துப் போன் அடிக்கும். அவளும் இடது கையால் எடுத்து, "சொல்லுங்கண்ணே" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரசத்தை மறுபடி சுட வைப்பேன்.

அந்த அழைப்புகளில் ஒன்று சரளாவுடையது.

சரளாவுக்கு முப்பது வயதிருக்கும். கணவன் சுகுமாரன் செம்பனை லாரி ஓட்டுகிறான். வெளியே பார்த்தால் பசு, எல்லாருக்கும் "அண்ணே", "அக்கா" போட்டுப் பேசுவான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் கை நீளும். தினேஸ்வரி முதல் தடவை பார்த்தபோதே சரளாவின் தாடையில் பச்சையாக ஒரு வீக்கம். ரிப்போர்ட் பண்ணலாம் வாங்க என்று அழைத்ததற்கு, பாலாய் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டாளாம். "உன்கிட்ட சொல்லுவேன் தங்கச்சி. அவங்ககிட்ட எனக்கு வாய் வராது" என்றாளாம். தினேஸ்வரியின் எண்ணைத் தன் போனில் தங்கச்சி என்றே பதிந்துகொண்டாள். சுகுமாரன் போனைப் பிடுங்கிப் பார்த்தாலும் போலிஸ் என்று தெரியக்கூடாதே.

இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் இவள் ரோந்து வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் சுகுமாரன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "ஒண்ணுமில்ல மேடம், புருசன் பொண்டாட்டி பேச்சுதான்" என்று கையைக் கட்டிக்கொள்வான். சரளாவும் ஆமாம் என்று தலையாட்டுவாள்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு தினேஸ்வரி விடவில்லை. டவுனில் சரளா வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் போய்ப் பேசினாள். கடைசியில் சரளா இணங்கினாள். ரிப்போர்ட் கொடுப்பது, பாதுகாப்பு உத்தரவு வாங்குவது, அன்றைக்கே ஈப்போவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று பேச்சு. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். தங்கச்சியே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும், தங்கச்சியே ரிப்போர்ட் எழுத வேண்டும்.

"புதன்கிழமை எனக்குக் கோர்ட்டு இருக்குக்கா. வியாழக்கிழமை காலையில நானே வாரேன். துணி எடுத்து வச்சுக்கங்க. நடுவுல ஏதாவதுன்னா எப்ப வேணாலும் போன் போடுங்க."

புதன்கிழமை அவள் கோலா கங்சார் கோர்ட்டுக்குப் போனது அந்தச் செம்பனைக் குலைத் திருட்டு வழக்குக்குத்தான். அவள் சொல்லப்போகிற முதல் சாட்சி. சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டாள், காலணியில் என் முகம் தெரிந்தது. கோர்ட்டில் போன் அடித்தால் மாஜிஸ்திரேட் தொலைத்துவிடுவார் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். புது ஆள் ஆயிற்றே, வாசலிலேயே போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வழக்கைத் தள்ளி வைத்தார்கள். அவள் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும், போனைத் திறக்குமுன்பே, ரேடியோவில் சார்ஜனின் குரல். ஆத்துமேட்டு லயம், நேராக அங்கே போ, தமிழ் பேச ஆள் வேண்டும்.

சுகுமாரன் அன்றைக்கு லாரி பழுதாகி வீட்டில் இருந்திருக்கிறான். கட்டிலுக்கு அடியில் கட்டி வைத்த துணிப்பையைப் பார்த்திருக்கிறான். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதை நான் எழுத மாட்டேன், எனக்குத் தெம்பில்லை. தினேஸ்வரி போய்ச் சேர்ந்தபோது சரளாவை ஒரு பழைய போர்வையால் மூடியிருந்தார்கள். சுகுமாரன் கைவிலங்கோடு வண்டிக்குள் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

மாவட்டத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பிளாஸ்டிக் உறையை இவள் முன்னால் நீட்டினார். உள்ளே சரளாவின் போன். திரை முழுக்க ஒரே பெயர், மேலிருந்து கீழ்வரை.

"தங்கச்சி என்றால் தங்கைதானே? கூடப் பிறந்தவளா? இந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், போன் அணைந்து கிடக்கிறது. இவளைப் பிடி, தகவல் சொல்ல வேண்டும்" என்றார் மலாயில்.

"சயா, துவான்" என்றாளாம் இவள். நான்தான், ஐயா.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையோடு குளியலறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டி, "உன் மேல என்னாடி தப்பு இருக்கு?" என்று கத்தினேன். தப்பு இல்லைதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் போதுமா? என்னாலேயே அன்றைக்குச் சோறு தின்ன முடியவில்லை.

சார்ஜனும் அதையேதான் சொன்னார். உன் தப்பு இல்லை, ஆனால் இனிமேல் யாருக்கும் சொந்த எண்ணைக் கொடுக்கக்கூடாது, பாலாயில் போன் இருக்கிறது, எந்நேரமும் எடுக்க ஆள் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தினேஸ்வரி எண்ணை மாற்றிவிட்டாள். பழைய சிம்மை என் சமையலறையில் காலி மைலோ டின்னுக்குள் போட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் எந்தப் போனும் அடிக்கவில்லை. ரசம் சூடு ஆறவில்லை. இவள்தான் ஆறிப்போய் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாதம் கழிந்து ஒருநாள் காலை அணிவகுப்பில் சார்ஜன் எல்லார் முன்னாலும் இவளைப் பாராட்டினாராம். ஆத்துமேட்டிலிருந்து ஒரு புகாரும் இல்லை, அமைதியாகிவிட்டது, தினேஸின் உழைப்பு என்று.

கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதை என்னிடம் சொன்னாள். "அங்க யாரும் இப்ப யாரையும் அடிக்கிறதில்லையா ஆன்ட்டி? அவங்களுக்குப் போன் போட ஆளில்ல, அவ்ளோதான்."

அந்த ஞாயிறு அவளுக்கு விடுமுறை. ஆத்துமேட்டுக்குப் போகணும் என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. சர்ச்சில் பூசை முடிந்த கையோடு என் பழைய கஞ்சில் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன்.

சரளா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டில் செல்லாயி இருந்தார். அறுபதைத் தாண்டியவர், டவுனில் சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"பெரியம்மா, நில்லுங்க. திட்ட வரல" என்றாள் தினேஸ்வரி. "அடிதடின்னா பாலாய்க்குப் போடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும்ல?"

செல்லாயி தரையைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று சொன்னார்.

"கேட்டுச்சும்மா. கேக்காம எப்புடி? 'என்னாடி சரளா'ன்னு செவுத்துக்கு இந்தப் பக்கத்துலருந்து கத்துனேன். 'தங்கச்சிக்குப் போன் போட்டிருக்கேன் பெரியம்மா, வந்துரும்'னுச்சு. நீ எடுக்கலன்னு அது சொல்லலம்மா. நீதான் வாரியேன்னு நானும் வாசல்ல வந்து ரோட்டப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டேன். நாலு வீட்டு ஆம்பளைங்க அன்னைக்கு இங்கதான் இருந்தானுங்க. அவனுங்களும் போலிஸு வருதுன்னு உள்ளயே இருந்துட்டானுங்க. நான் ஒரு சத்தம் போட்டிருந்தா கதவ ஒடச்சிருப்பானுங்க. நீ வந்துருவேன்னுதாம்மா."

எனக்கு அந்த அம்மாவை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. தினேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கையை நீட்டி, "உங்க போனக் குடுங்க பெரியம்மா" என்றாள்.

பாலாயின் எண்ணைப் பதிந்தாள். திருப்பிக் கொடுத்து, "இப்பப் போடுங்க" என்றாள்.

"இப்பவா? ஒண்ணும் நடக்கலையே. போலிஸ்காரன்கிட்ட நான் என்னாத்த பேசுறது? எனக்கு வாய் வராதும்மா."

"வரும். தோலோங்னு சொல்லுங்க. ஆத்துமேடுன்னு சொல்லுங்க. எந்த வீடுன்னு சொல்லுங்க. அது போதும்."

தோலோங் என்றால் மலாயில் உதவி. சந்தையில் பேரம் பேச, பஸ்ஸில் இடம் கேட்க, செல்லாயி தினமும் வாயில் போட்டு மெல்லுகிற சொல்தான். பொத்தானை அமுக்கிப் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் சார்ஜனின் கரகரத்த "ஹலோ" எனக்கே கேட்டது.

"தோலோங்" என்றார் செல்லாயி. "ஆத்துமேடு."

எந்த வீடு என்று மலாயில் கேட்டார் சார்ஜன்.

செல்லாயி பூட்டிக் கிடந்த கதவைத் திரும்பிப் பார்த்தார். "சரளா வீடு" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் போனை மார்போடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்.

சார்ஜன் போனுக்குள் கத்திக்கொண்டே இருந்தார். தினேஸ்வரி அதை மெல்ல வாங்கித் தன் காதில் வைத்தாள். "நான் தினேஸ் பேசுகிறேன், துவான். ஒன்றும் நடக்கவில்லை. பாலாய்க்குப் போன் போட்டுப் பழகுகிறார்கள்" என்று மலாயில் சொன்னாள். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.