எட்டாம் பாட்டு

ஒஸ்லோவிலுள்ள எங்கள் கோவிலில், மார்கழித் திருவாதிரையின் விடியற்பூசையில் கூத்தப்பெருமான் முன் நின்று ஒரு பதிகத்தை முழுமையாகப் பாடும் பணி இருபது ஆண்டுகளுக்கு மேலாக என்னுடையதாக இருந்தது. அதை எவரும் எனக்கு எழுதித் தரவில்லை. வாடகை மண்டபத்தில் படம் வைத்துக் கும்பிட்ட காலத்தில் பதினொரு பாட்டும் மனப்பாடமாக இருந்தவன் நான் ஒருவனே. ஆதலால் பாடினேன். பின்னர் கோவில் வந்தது. பணியும் என்னோடு அங்கே வந்தது.

சென்ற கார்த்திகையில் ஒரு சோமவாரப் பூசையில் பாடிக்கொண்டிருக்கையில் இடையில் நின்றுவிட்டேன். அடுத்த சொல் வரவில்லை. கண்களை மூடிக்கொண்டேன். ஐயர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு மணியை அடித்துத் தீபாராதனையைத் தொடங்கினார். நான் உருகி நின்றதாகச் சிலர் எண்ணியிருக்கக்கூடும். நிருவாக சபை அப்படி எண்ணவில்லை. இவ்வாண்டுத் திருவாதிரைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் ஒரு பொறியாளரைப் பாட வைப்பது என்று பேச்சு எழுந்தது. அவருக்கு நல்ல குரல். முறையாக இசை பயின்றவர். ஆனால் கைப்பேசித் திரையைப் பார்த்துத்தான் பாடுவார். இறைவன் திருமுன்னில் நின்றுகொண்டு திரையைப் பார்ப்பது எவ்வகை வழிபாடு என்று நான் பலரிடம் கேட்டேன். நான் கேட்டது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

செய்தியை எனக்குச் சொல்ல வந்தவர் சபையில் இருக்கும் என் நண்பர். வடநோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் ஒரே மேசையின் இரு பக்கங்களில் நின்று மீன் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பழக்கம்.

"மைக்கிலை இரைச்சல். அதாலைதான் தடுமாறினனான்," என்றேன்.

"மைக் உன்ரை வாயை மூடினதோ?" என்றார். பின் குரலைத் தாழ்த்தினார். "சரி மச்சான். எனக்கு முன்னாலை ஒருக்காப் பாடு. பதினொண்டும். ஒரு பிழையும் இல்லாமல் பாடினாயெண்டால் நானே சபைக்குச் சொல்லுறன்."

எங்கே பாடுவது என்பது அடுத்த கேள்வி. ரொம்மனில் என் வீட்டில் பாடினால் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டுவார். புருசெத்தில் அவருடைய வீட்டில் பேரப்பிள்ளைகள். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொல்லி மருத்துவர் கட்டளையிட்டதிலிருந்து நண்பர் கிழமைதோறும் நகருக்கு வெளியே ஒரு மலையிடுக்கு ஆற்றுப்பாதையில் நடப்பவர். மாரிக் குளிரில் அங்கே அருவிகள் உறைந்து நிற்கும், ஆள் நடமாட்டம் இராது, அங்கே போவோம் என்றார். ஒப்புக்கொண்டேன். எனக்கு அச்சம் என்று அவர் எண்ணிவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

திருவாதிரைக்கு ஆறு நாள் இருக்கையில், முற்பகல் வெளிச்சம் பரவிய பின் போனோம். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரவாங்கில் அமர்ந்து, சப்பாத்துக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களை என்னிடம் தந்தார். இரப்பர் வாரை இழுத்து மாட்ட என் விரல்களுக்கு வலிமை போதவில்லை. குனிந்து அவரே மாட்டிவிட்டார்.

"வாயிலை இருந்ததெல்லாம் விழுந்து போச்சு. கடைசியாய்க் காலிலை முளைச்சிருக்கு," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரு பக்கமும் கரும்பாறை செங்குத்தாக எழுந்திருந்தது. பாறையில் அடித்த இரும்பு வளையங்களினூடாகச் சங்கிலி ஓடியது. கோடையில் படிகளாக இருந்தவை பனிக்கட்டி மூடி ஒரே சரிவாகிக் கிடந்தன. ஒவ்வோர் அடிக்கும் இரும்புப் பல் கடிக்கும் ஒலி கேட்டது. மேலே பாறைக் கசிவுகள் உறைந்து தொங்கின. சில வெண்மை, சில மண் கலந்த மஞ்சள். இறைவனின் சடையில் தங்கிய கங்கையைப் பற்றி ஆயிரம் முறை பாடியிருக்கிறேன். தங்கிய நீரை முதன்முறை கண்டபோது எனக்கு அவ்வளவாக ஒன்றும் தோன்றவில்லை. மூக்கு எரிந்தது, முழங்கால் வலித்தது, தொண்டை வறண்டது. பாடுமுன் தொண்டை வறள்வதைப் பற்றியே சிந்தித்துக்கொண்டு நடந்தேன்.

இவ்வகைப் பதிகங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எட்டாம் பாட்டில் மலையைப் பெயர்க்க முயன்ற அரக்கன் வருவான். பெருமான் கால்விரலை ஊன்ற, மலையின்கீழ் நசுங்கிக் கதறிப் பின் இசை பாடி அருள் பெறுவான். ஒன்பதாம் பாட்டில் அடியும் முடியும் தேடிக் காணாத இருவர் வருவர். அரக்கனின் பாட்டைப் பாடும்போது என் வலக்காற் பெருவிரல் தானாகவே நிலத்தில் ஊன்றும். சிறு வயது முதல் அப்படித்தான். கோவிலில் இதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு.

மரப்பாலத்தைக் கடந்ததும் பெரிய அருவி தெரிந்தது. நாலு மாடி உயரத்தில் நீலம் பாய்ந்த பனிக்கட்டித் தூண்கள். அதன் ஓரத்தில் கயிற்றில் தொங்கியபடி இருவர் கோடரியால் கொத்தி ஏறிக்கொண்டிருந்தனர்.

"ஆளில்லை எண்டு சொன்னாய்?" என்றேன்.

"வெள்ளைக்காரருக்கு என்ன விளங்கப் போகுது? நீ பாடு. எட்டாம் பாட்டிலை மட்டும் காலை ஊண்டிப் போடாதை, ஐஸ் வெடிச்சால் உதுகள் ரெண்டும் எங்கடை தலையிலைதான் விழும்."

தொப்பியைக் கழற்றி, இரு கைகளையும் கூப்பி, அருவியை நோக்கி நின்றேன். பனிக்கட்டியின் அடியில் எங்கோ நீர் ஓடும் ஒலி மெல்லக் கேட்டது. அதையே சுருதியாகக் கொண்டு தொடங்கினேன். முதற் பாட்டில் குரல் கீறியது. மூன்றாவதில் திறந்துகொண்டது. பாறைகள் குரலை வாங்கித் திருப்பித் தந்தன. கோவிலில் ஒருநாளும் என் குரல் எனக்கு அவ்வாறு கேட்டதில்லை. எங்கும் நிற்கவில்லை. சொல் தேடவில்லை. பதினோராம் பாட்டின் பலனைச் சொல்லி முடித்தபோது கன்னத்தில் வழிந்திருந்த நீர் குளிரில் இறுகித் தோலை இழுத்தது.

மேலே தொங்கியவர்கள் கை தட்டினர். பிறகு அவர்களில் ஒரு பெண் இறங்கி வந்து, "வக்கர்ட்," என்றாள். அழகு என்று பொருள். வழிபாட்டுக்குக் கைதட்டலா என்று எனக்கு மனம் சுணங்கியது. இருந்தாலும் உள்ளே ஓர் இனிப்பு இறங்கியதை நான் மறைப்பதற்கில்லை.

நண்பர் என்னைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை. நல்லாய் இருக்கு மச்சான். ஒரு பிழையும் இல்லை."

"சபைக்குச் சொல்லுவியோ?"

"ஓம், ஓம். இண்டைக்கே சொல்லுறன். வா, கால் விறைக்குது."

திரும்பும் வழியில் அவர் என் பக்கத்திலேயே நடந்தார். வழுக்கிய இரு இடங்களிலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் பொறியாளரைப் பற்றிப் பேசினேன். திரையைப் பற்றிப் பேசினேன். மனப்பாடம் என்பது மனத்தையே கோவிலாக்குவது என்று பேசினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

நகர நடுவில் பிரிந்து வெவ்வேறு சுரங்க ரயில்களில் ஏறினோம். வெதுவெதுப்பில் அமர்ந்ததும் வலக்காற் பெருவிரல் உணர்வற்றிருப்பதை அறிந்தேன். இரத்தம் ஓடட்டும் என்று சப்பாத்தினுள் விரலை அழுத்தி ஊன்றினேன். ஊன்றிய அக்கணம் அரக்கனின் பாட்டு, முதற் சொல்லிலிருந்து, நாவில் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அருவியின் முன் அது வரவில்லை. ஏழாம் பாட்டை முடித்து நேரே அடிமுடி தேடியவர்களிடம் போயிருக்கிறேன். தடுமாறவில்லை, நிற்கவில்லை, ஒரு பாட்டு முழுவதும் இல்லாமலே மனம் நிறைந்து அழுதிருக்கிறேன். சோமவாரத்தில் சொல் வராதது தெரிந்தாவது நின்றேன். இம்முறை தெரியவே இல்லை.

வீட்டுக்கு வந்து சேரவும் சபைச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, எல்லாம் கேள்விப்பட்டம். திருவாதிரைக்கு நீங்கள்தான். குறை நினைக்காதேங்கோ," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு நண்பரை அழைத்தேன்.

"எட்டாம் பாட்டு எங்கை?"

மறுமுனையில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கதவொன்று மூடப்பட்டது.

"குளிர் மச்சான். ஆருக்கும் வரும்."

"நீ கவனிச்சனியோ?"

"உன்ரை கால் ஊண்டேல்லை. கவனிச்சனான்."

"பிறகேன் பிழை இல்லையெண்டு சொன்னனீ?"

"பாட்ஸ்பியோர்ட்டிலை எனக்குக் கை விறைச்சு முள்ளை விட்டிட்டு வெட்டேக்கை, என்ரை தட்டை உன்ரை தட்டெண்டு மேற்பார்வைக்காரனிட்டைக் குடுத்தது ஆர்? அப்ப நீ என்னட்டைக் கேட்டனியோ?"

"அது மீன்."

"சரி, மீன்தான்," என்றார். "சனத்துக்குத் தெரியவே போகுது? பாடன். எத்தினை வருசத்துக்குப் பாடப் போறாய்?"

தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் சபையில் எழுந்து நின்று, இவனுக்கு மறதி வந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவரை வெறுத்திருப்பேன்; அது எனக்குப் பழகிய வெறுப்பு. அவர் காட்டிய இரக்கத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை செயலாளரை அழைத்து, தொண்டை சரியில்லை, பொறியாளரே பாடட்டும் என்றேன். அதுவும் பொய்தான். உண்மையைச் சொல்லும் துணிவு எனக்கும் வரவில்லை.

திருவாதிரையன்று விடியலில் சனத்தின் பின்வரிசையில், சுவரோடு போட்டிருந்த கதிரையில் இருந்தேன். பொறியாளர் வேட்டி கட்டி வந்து, என்னைத் தேடி வந்து வணங்கி, "நீங்க ஆசீர்வாதம் பண்ணணும் சார்," என்றார். தலையில் கை வைத்தேன். பின்னர் அவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பாடத் தொடங்கினார். எங்காவது அந்தத் திரை அணைந்துபோக வேண்டும் என்று ஆடும் பெருமானை வேண்டிக்கொண்டேன். வாழ்நாளில் இத்தனை ஒருமுகமாக நான் எதையும் வேண்டியதில்லை.

அணையவில்லை. ஏழாம் பாட்டுக்குப் பின் எட்டாம் பாட்டு வந்தது. முன்வரிசையில் நின்ற நண்பர் திரும்பி, சனத்தினூடே என் கால்களைப் பார்த்தார். என் பெருவிரல் கம்பளத்தில் ஊன்றியிருந்தது. நான் காலைக் கதிரைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.